உம் கொட்டியவள் பிள்ளை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் உம்மு. யார் என்ன சொன்னாலும் "உம்" என்பாள். இன்றைக்குக் கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னாலும் உம். பக்கத்து மேசைக்காரி தன் புருஷனிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னாலும் உம். அதற்குச் சரி என்றும் பொருளில்லை, கூடாது என்றும் பொருளில்லை. காது திறந்திருக்கிறது, மேலே சொல்லு, அவ்வளவுதான். கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற உம். மற்றவர்கள் கதைக்கு மட்டும் கொட்டுவார்கள், இவள் கிடைத்ததற்கெல்லாம் கொட்டினாள்.

வேலை என்னவோ கவனமான வேலை. துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை, தேய்த்துத் தருகிற சுடு உருளைக்குள் ஊட்ட வேண்டும். முனை நேராகப் போகாவிட்டால் விரிப்பு கோணிக்கொண்டு வரும். விரலை எடுக்கத் தாமதித்தால் விரலும் சேர்ந்து போகும். அவள் முன்கை இரண்டிலும் பழைய சூட்டுக் கோடுகள் இருந்தன. அவளோடு சேர்ந்தவர்களில் ஒன்றிரண்டு பேர் வேலையை விட்டு ஓடினார்கள். இவள் ஓடவில்லை. அந்த உருளைக்கு முன்னால் நிற்கிற இடம் அவளுடையது என்று உலகத்தில் அவள் நினைத்துக்கொண்டிருந்த ஒரே இடம்.

கட்டியவன் ரொட்டி வண்டி ஓட்டினான். நல்லவன். நல்லவன் என்றால் கெட்டது செய்யத் தெரியாதவன், கெட்டது நடக்கும்போது தடுக்கவும் தெரியாதவன். அவனுக்கு ஒரு அக்கா. அப்பா செத்தபோது அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தவள்தான், தம்பியை ஆளாக்கிய பிறகுதான் எழுந்தாள் என்று சொல்லலாம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை வைத்து, நாலு பெண்களுக்கு வேலையும் கொடுத்திருந்தாள். குழந்தை தங்கவில்லை என்று அவள் புருஷன் வேறு இடம் பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எடுத்துக்கொள்வாள். தம்பியும் அம்மாவும் அவள் எது சொன்னாலும் எழுந்து நின்று கேட்பார்கள்.

உம்முவின் வயிறு மேடிட்டபோது, தளர்ந்த உடுப்பு தைத்துத் தருகிறேன் என்று நாத்தனார் அளவெடுக்க வந்தாள். வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கொண்டு, இடுப்பைச் சுற்றி நாடாவை இழுத்தபடியே பேசினாள்.

"முதல் பிள்ளை எனக்கு. கேட்டுக்கோ. அடுத்தது, அதுக்கடுத்தது எல்லாம் உன் இஷ்டம். நீங்க சின்னஞ்சிறுசுங்க, பெத்துக்கலாம். எனக்கு இனிமே எங்க?"

"உம்."

மாமியார் சிரித்தாள். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த புருஷனும் சிரித்தான். ஊசிக்காரி சிரிக்கவில்லை, வாயில் ஊசி இருந்ததே. அதனால் அது வேடிக்கைப் பேச்சு என்று உம்மு எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்தான். ஆளுக்கு மீறிய தொண்டை. தாயின் மார்மேல் கிடந்தால் பூனைக்குட்டி, படுக்கையில் முதுகு பட்டால் ஆணி குத்தியதுபோல ஓர் அலறல். அவனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சாப்பிட்டாள், வைத்துக்கொண்டே பல் தேய்த்தாள், சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கவும் கற்றுக்கொண்டாள். கீழே வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் மாமியார் விட மாட்டாள்.

"கைக்குழந்தைன்னு ஏன் பேர் வச்சாங்க? கையிலதான் இருக்கும்னுதான். தரைக்குழந்தைன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

சொன்னாளே தவிர அவள் கை நீளாது. இடுப்பு வலி. பேரன் கையிலிருக்க வேண்டும், அது மருமகள் கையாக இருக்க வேண்டும்.

நாத்தனார் ஒரு தடவை பிள்ளையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். மத்தியானம் போனவள் வெயில் தாழ்வதற்குள் கொண்டுவந்து தாயின் மடியில் போட்டாள்.

"இது பிள்ளையா, ஆலைச் சங்கா? ஆலைச் சங்காவது ஷிப்டுக்கு ஒரு தடவைதான் ஊதும். கடைப் பொண்ணுங்க காதுல பஞ்சு வச்சுக்கிட்டு தைக்குதுங்க. கொஞ்சம் அடங்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லை உம்மு கவனிக்கவில்லை. பிள்ளையின் அழுகைதான் அவனை அவளிடம் நிறுத்தி வைத்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருந்தால், அந்த அழுகைக்குக் கோயில் கட்டியிருப்பாள்.

அதற்குள் மேஸ்திரி ஆள் அனுப்பிவிட்டார். வந்தால் உன் உருளை, வராவிட்டால் வேறொருத்தி உருளை. பிள்ளையை யார் பார்ப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது. "படுத்த இடத்துல படுத்துத் தூங்கினா நான் பாத்துக்குறேன். தூக்கிட்டு அலைய என்னால ஆகாது" என்றாள் மாமியார். ஆக, தூங்கக் கற்றுக்கொடுப்பது என்று ஆயிற்று.

சொல்லிக் கொடுத்தவள் டிராலிக்காரி. பிரசவ வார்டிலிருந்து அழுக்குத் துணிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறவள், உம்முவின் வயதுதான், வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டானது. குழந்தை பார்க்க வந்தவள் உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"நல்லா தூங்கின பிறகுதானே கீழ வைக்கிற?"

"உம்."

"அங்கதான் கோட்டை விடுற. உன் மேல தூங்கினவன் கண்ணைத் திறந்தா பலகை. உன்னைக் கட்டில்ல தூங்க வச்சு நடுரோட்டுல எழுப்பினா நீ சும்மா கிடப்பியா? உன்னை மாதிரி ஆளே அன்னைக்கு வாயைத் திறந்துடுவ."

உம்மு சிரித்தாள்.

"கண்ணு சொருகும்போதே வை. பாதி போயிருக்கணும், பாதி இங்க இருக்கணும். முனகினா தூக்காத, நெஞ்சுல கையை வை. அழுதா தூக்கு. அடங்கினதும் திரும்ப வை."

"அழுதா விட்டுடணும்னு சொல்றாங்களே."

"சொல்றவளைப் பலகையில கட்டிப் போட்டுட்டு நாம சினிமாவுக்குப் போவோம். கழுத்து நிக்காத பிள்ளையை அழ விட்டா அது பழகாது, அசந்து போகும். முனகுறது வேற, அழுறது வேற. அந்த வித்தியாசம் பிடிபட்டா வேலை முடிஞ்சது."

உம்முவுக்கு அது பிடிபட்டது. உருளையில் துணி கோணுவதை, அது கோணுவதற்கு முன்னாலேயே விரல் நுனியில் அறிகிறவள் அவள். பிள்ளைக்குத் தூக்கம் வரும்போது முதலில் பார்வை சுவரில் நிற்கும், பிறகு புருவத்தின் மேல் லேசாகச் சிவக்கும், பிறகுதான் கொட்டாவி. கொட்டாவிக்குக் காத்திருந்தால் நேரம் தப்பிவிடும். புருவம் சிவந்ததும் எடுத்தாள். பலகைத் தொட்டிலில் கெட்டியான சின்ன மெத்தை, தலையணை கிடையாது, முகத்தருகே துணி கிடையாது. முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு முதுகு, கடைசியாகத் தலை, மல்லாக்க. தலைக்கடியிலிருந்து கையை உருவும்போது மற்றக் கை நெஞ்சின்மேல் இருந்தது. எழுந்ததும் பால் கொடுத்தாள், தூங்குவதற்காகக் கொடுக்கவில்லை. பகலில் சன்னலைத் திறந்தே வைத்தாள், பாத்திரம் உருண்டால் உருளட்டும் என்று விட்டாள்.

அவன் அழுதான். தூக்கினாள், வைத்தாள். தூக்கினாள், வைத்தாள். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து, சுவரிடம் பேசுவதுபோல இவளிடம் பேசினாள்.

"ஆடுகூடத் தன் குட்டியை நக்கும். இவ பலகையில போட்டு வேடிக்கை பாக்குறா. இஸ்திரிக்காரிதானே, அதான் பிள்ளையையும் மடிச்சு அடுக்கப் பாக்குறா."

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் அவர்களுக்கும் அதே கச்சேரி. "என் மருமக மனசு ரொம்பத் திடம். பெத்த பிள்ளை கதறினாலும் கண்ணுல தண்ணி வராது. குடுத்து வச்சவ." மார்பில் பால் கட்டி வலித்த நேரத்திலும் உம்மு தொட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை முழுதும் நெஞ்சில் வைத்தது போய் இரண்டு விரல் ஆயிற்று, விரல் போய் பக்கத்தில் இருப்பது ஆயிற்று, பிறகு வாசற்படியில் நிற்பது, பிறகு அடுத்த அறையில் துணி மடிப்பது. ஒரு நாள் மத்தியானம் வைத்துவிட்டு வந்தாள். அவன் இரண்டு தடவை முனகினான், கைமுட்டியைச் சப்பினான், கூரையில் ஆடிய வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடிவிட்டான். உம்மு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் உட்கார்ந்து குடித்த முதல் தண்ணீர் அது. புட்டிப் பாலும் பழக்கினாள். உருளை இவளுக்கு என்று மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினாள்.

மாமியாருக்கு ஓட்டை வாய். பேரன் அடங்கிய செய்தியை அன்றைக்கே மகளுக்குப் போனில் ஒலிபரப்பிவிட்டாள்.

"படுக்க வச்சா தூங்குறான்டி. சத்தமே இல்ல. புட்டியும் குடிக்கிறான். இப்ப யார் வேணும்னாலும் பாத்துக்கலாம்."

மறுநாளே நாத்தனார் வந்தாள், தம்பியின் ரொட்டி வண்டியிலேயே. வண்டிக்குள் ஒரு புதுத் தொட்டில் இருந்தது, பிள்ளையைப் படுக்க வைத்துக் கொண்டுபோக. சுற்றிலும் சுருக்கு வைத்துத் தைத்த வலை, உள்ளே புசுபுசுவென்று மெத்தை, அதன்மேல் முயல் வடிவத்தில் தலையணை. கடைக்கு வந்த துணியின் மிச்சத்தில் தைத்தது அல்ல. நல்ல துணி வாங்கி, ஊசி ஊசியாகக் கையால் போட்டது.

"என்ன உம்மு, அவன் துணியெல்லாம் எடுத்து வச்சியா?"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? அம்மணமாவா வருவான்?"

உம்மு கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நாத்தனார் நிதானமாகச் சொன்னாள், கடையில் அளவு மறந்த வாடிக்கைக்காரிக்கு நினைவுபடுத்துவதுபோல.

"முதல் பிள்ளை எனக்குன்னு கேட்டேன். நீ உம்னு சொன்ன. அம்மா இருந்தாங்க. இவனும் இருந்தான்."

"அக்கா, அது நான் சும்மா உம் கொட்டினது. கேக்குறேன்னு அர்த்தம்."

"கேக்குறேன்னா? நான் என்ன உனக்கு நரிக்கதையா சொல்லிக்கிட்டிருந்தேன், நீ உம் கொட்ட? அந்த ஒரு உம்மை நம்பி அலமாரி நிறையச் சட்டை தச்சு வச்சிருக்கேன். பள்ளிக்கூடம் போற அளவு வரைக்கும் தச்சாச்சு."

உம்மு புருஷனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

அவன் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா வீடு என்ன வேற தேசத்துலயா இருக்கு? தோணும்போது போய்ப் பாரு."

"பாலு?"

"புட்டி குடிக்கிறானே. நீதானே பழக்கின" என்றாள் மாமியார்.

"தூக்கம்?"

"அதுவும் நீதானே பழக்கின."

உம்மு ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கேட்டாள். கொடுத்தார்கள். ஓடிப்போக அவளுக்கு இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து பழக்கியதைக் கலைக்கப் பார்த்தாள். தூங்கப் போகிற பிள்ளையைத் தூக்கி ஆட்டினாள். அவன் ஆடிக்கொண்டே தூங்கினான். கீழே வைத்ததும் வேகமாக எடுத்தாள். அரைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கினான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், இப்படி ஒரு சமர்த்துப் பிள்ளை உண்டா என்றார்கள். சமர்த்தைக் கெடுக்க ஒரு தாய் முட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். வாசலில் வண்டி நின்றது. உள்ளே பிள்ளை வயிறு நிறைந்து, விரலைச் சப்பிக்கொண்டு, கண் சொருகிக் கிடந்தான். உம்மு கதவை ஒருக்களித்துவிட்டு, அவன் தொடையின் உள்பக்கம் கிள்ளினாள். வீறிட்டான். தொட்டிலை ஆட்டினாள், ஆட்டுகிற சத்தம் வெளியே கேட்கட்டும் என்று. அவன் விம்மினான், கைமுட்டி வாய்க்குப் போயிற்று, அடங்கினான். மறுபடி கிள்ளினாள், இந்தத் தடவை நகம் பதிய. வீறிட்டான். அவள் கை பழக்க தோஷத்தில் அவன் நெஞ்சுக்குப் போய்விட்டது. அடங்கினான். அவள் கற்றுக்கொடுத்தது அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது. மூன்றாவது தடவை விரலைக் கொண்டுபோகும்போது மாமியார் வாசற்படியில் நின்றாள்.

"பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுறதும்பாங்க. இத்தனை நாள் அது பழமொழின்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

நாத்தனார் வந்து துணியை விலக்கிப் பார்த்தாள். வெள்ளைத் தொடையில் பிறை பிறையாகச் சிவப்பு. அவள் சத்தம் போடவில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு முதல் ஆளாக வண்டியில் போய் உட்கார்ந்தான்.

"பெத்ததும் இவதான், பிச்சதும் இவதான்" என்று சொல்லிப் பிள்ளையைத் துண்டில் சுற்றினாள் நாத்தனார். இனி அவளுக்கு அந்த உம் தேவைப்படவில்லை. அதைவிட வலுவான காரணம் கையில் கிடைத்துவிட்டது.

உம்மு உருளைக்குத் திரும்பினாள். பால் வற்றவில்லை. விரிப்பை ஊட்டக் கையைத் தூக்கினால் மார்பு நனையும். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"இஸ்திரிக்குத் தண்ணி தெளிச்சாப் போதும். பால் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும். உம்முவும் வாயைக் கொஞ்சம் இழுத்துவைத்தாள்.

நாலைந்து நாள் போயிருக்கும், நாத்தனார் போன் செய்தாள். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"தூங்க மாட்டேங்கிறான்டி. அந்தத் தொட்டில்ல போட்டாலே கத்துறான். நீ என்னதான் பண்ணுவ? சொல்லித் தொலை."

காரணம் உம்முவுக்குக் கேட்டவுடனே தெரிந்தது. புது இடம், கீழே தையல் மெஷின் சத்தம், கடைப் பெண்கள் கைக்குக் கை மாற்றுவார்கள், அமுங்குகிற மெத்தை, போதாததற்கு முயல். அந்த முயலை எடுத்தெறிந்து, கெட்டிப் பலகையில் போட்டு, ஒரே ஆள் ஒரே மாதிரி வைத்தால் சீக்கிரமே அடங்கிவிடுவான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. உம்மு தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"நல்லா தூங்கின பிறகு வைங்கக்கா, முன்னாடி வைக்காதீங்க. லேசா முனகினாலே தூக்கிடுங்க. பால் குடுத்தே தூங்க வைங்க. ஆட்டிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க. ஒருத்தரே தூக்காம ஆள் மாத்தி மாத்தித் தூக்குங்க."

"உனக்கு இப்படித்தான் அடங்கினானா?"

"இப்படித்தான்."

பக்கத்தில் துணி கொட்டிக்கொண்டிருந்த டிராலிக்காரி நிமிர்ந்தாள். "அடிப்பாவி. எல்லாம் தலைகீழா சொல்ற."

"திருப்பிக் கொண்டுவந்து போட்டுடுவாங்க."

"போடுவாங்க. அதுவரைக்கும் அழப்போறது உன் நாத்தனார் இல்ல, பிள்ளை."

உம்மு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

தினமும் போன் வந்தது. தினமும் இவள் ஒன்று சொன்னாள். நடங்கக்கா. இன்னும் கொஞ்சம் வேகமா நடங்க. விளக்கைப் போட்டு வைங்க. கண்ணை மூடினா தட்டிக்கிட்டே இருங்க. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மேலும் மேலும் தூக்கம் வராது என்பது குழந்தை பார்க்கிற யாருக்கும் தெரியும், களைப்பு ஏற ஏற அழுகைதான் ஏறும். நாத்தனாருக்கு அது தெரியாது. அவள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். கை வீங்கியது. கண் பார்த்தது துணியில் வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைகள் அத்தனையும் கழுத்துப்பட்டை கோணிப் போய்த் திரும்பி வந்தன. மாமியார் இதையெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டில் சொல்வாள். உம்மு தட்டைக் கழுவிக்கொண்டே கேட்பாள். அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பிள்ளை அழுவதை நினைத்துக்கொண்டால் அந்தக் குளிர்ச்சி போய்விடும். அதனால் நாத்தனார் அழுவதை மட்டும் நினைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நாளைக்குத் தோத்துடுவா" என்று டிராலிக்காரியிடம் சொன்னாள்.

ஒரு மத்தியானம் போனில் குரல் தணிந்து வந்தது. "தூங்கிட்டான்டி. அப்பாடா. காலையில இருந்து நல்லாத் தூங்குறான்."

"எப்படிக்கா?"

"சளிக்குக் குடுக்கிற மருந்துல கொஞ்சம் குடுத்தா அசந்து தூங்கும்னு கடைப் பொண்ணு சொன்னா. ஒரு மூடி குடுத்தேன்."

"எழுப்புங்க."

"இப்பதான்டி தூங்குறான்."

"எழுப்புங்கக்கா."

டேய், டேய் என்று கன்னத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான். கை தொங்குது" என்றாள் நாத்தனார்.

பெரியவர்கள் குடிக்கிற சளி மருந்து, கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தூக்கத்தைத் தராது, மூச்சை எடுக்கும். ரொட்டி வண்டியில் ரொட்டியோடு சேர்த்து அவனைக் கொண்டுவந்தார்கள். இவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான். குழந்தைகள் வார்டில், பாதத்தைச் சுண்டினார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள், இவளே தேய்த்து அனுப்பிய விரிப்பில் படுக்க வைத்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தொடையின் உள்பக்கம் கிள்ளிய தடம் மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தது. மறுநாள்தான் கண்ணைத் திறந்து, கோழிக்குஞ்சுபோல ஒரு சத்தம் எழுப்பினான்.

டாக்டர் அம்மா வராந்தாவில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"யார் குடுத்தது?"

"நான்தான்" என்றாள் நாத்தனார். தலை சீவியிருக்கவில்லை. சட்டையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளையைக் கொல்லவா குடுத்தீங்க?"

"தூங்கவே இல்லம்மா. இவ சொன்னதெல்லாம் செஞ்சேன். ஒண்ணு விடாம செஞ்சேன். இவளைக் கேளுங்க. நீ சொன்ன மாதிரிதானே எல்லாம் செஞ்சேன்?"

டாக்டர் இவளைப் பார்த்தார். புருஷன் பார்த்தான். மாமியார் பார்த்தாள். சொன்ன மாதிரிதான் செய்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழியில் பாதி இறங்கிவிடும். உம்மு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

அப்போது ரொட்டி வண்டிக்காரனுக்குத் திடீரென்று நாக்கு முளைத்தது. தன்னைச் சோறு போட்டு வளர்த்தவளைப் பார்த்துச் சொன்னான்.

"இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராத. பிள்ளை பெறாதவளுக்கு எதுக்குப் பிள்ளை?"

அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே தைரியமான பேச்சு, சொல்லக் கூடாத பேச்சு. மாமியார்கூட, "டேய்" என்றாள். நாத்தனார் சட்டையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்து முடித்ததும் போய்விட்டாள். அவளுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. தான் சரியாகச் செய்யவில்லை, தன் கைக்குப் பிள்ளை ராசியில்லை என்றுதான் கடைப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பிள்ளை வீட்டுக்கு வந்தான். தூக்கம் வரவில்லை. இலை அசைந்தால் திடுக்கிட்டுக் கையை விரித்தான். முதுகு மெத்தையில் பட்டால், முன்னைப்போல அலறல்கூட இல்லை, வாயைத் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிவிடுவான். உம்மு அவனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். சலவைக்கூடத்துக்குப் போகவில்லை. மேஸ்திரி மறுபடி ஆள் அனுப்பினார், பிறகு அனுப்பவில்லை. உருளை வேறொருத்திக்குப் போயிற்று. அவளுக்கு வேகம் போதாது, முனை கோணுகிறது என்று டிராலிக்காரி வந்து சொன்னாள். சொல்லிவிட்டுப் பிள்ளையின் புருவத்தைப் பார்த்தாள்.

"பார், சிவந்துடுச்சு. இப்ப வை. பயந்த பிள்ளை, கொஞ்சம் கூடுதலா நாளாகும். ஆனா வரும். ஒரு தடவை வந்ததுதானே."

"வேண்டாம்."

"ஏன்டி, அவனுக்குத் தூக்கம் வேணாமா? வளர்ற பிள்ளை. உன்னைப் பாரு, கண்ணு ரெண்டும் கிணறா இருக்கு."

"தூங்கத் தெரிஞ்சா ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போவாங்க."

"இனிமே யாருடி வரப்போறா?"

உம்மு பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். கூடத்திலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இப்போதெல்லாம் மருமகளிடம் கொஞ்சம் பயம். இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே.

"நல்லதுதானே சொல்றா. பழக்கினா என்ன? அவனுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி, வேலைக்கும் போகலாம்."

"பழக்க மாட்டேன் அத்தை."

"அப்ப நீ எப்பதான் தூங்குவ?"

தோளில் கிடந்தவன் முனகினான். அழுகை அல்ல, வெறும் முனகல்தான். ஒரு கையை முதுகில் வைத்தால் தானே அடங்கியிருப்பான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் எழுந்து, அவனை இறுக்கிக்கொண்டு, அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்க ஆரம்பித்தாள். அவன் முழுசாக விழித்துக்கொண்டான்.